புஹாரி: ஒரு நகரம் பெயரான கதை

‘புஹாரி’ என்ற பேர் எங்கட ஊர்களில் எவருக்கும் புதியதல்ல. புஹாரி ஹாஜியார், புஹாரி மாஸ்டர், புஹாரி மௌலவி என்று ஒருவரையாவது அறியாத இலங்கை முஸ்லிம் குடும்பம் குறைவு. தனியே ‘புஹாரி’ என்றும், ‘முஹம்மத் புஹாரி’ என்றும், ‘செய்யது புஹாரி’ என்றும் அது வழங்குகிறது. ஆனால் இன்றைக்குப் பிறக்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பேர் வைக்கப்படுவது அருகி வருகிறது. வகுப்பு இடாப்பில் அது பிள்ளையின் பேராக வருவதைவிட, வாப்பாவின் அல்லது மூத்தாப்பாவின் பேராக, ஓர் எழுத்து முதலெழுத்தாகச் சுருங்கி நிற்பதே கூடுதல்.

ஏன் வைப்பதில்லை என்று கேட்டால் மூன்று காரணங்கள் சொல்றாங்க. “அது பேரே இல்லை, ஊரைக் குறிக்கிற சொல்” என்பது ஒன்று. “அதற்கு நல்ல கருத்து இல்லையாம், நீராவி என்றுதான் போட்டிருக்கு” என்பது இரண்டாவது. “அந்த ஊர்ப் பேரே விகாரையில் இருந்து வந்ததாமே” என்பது மூன்றாவது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. அதனாலேயே மூன்றையும் பொறுமையாக ஆராய வேண்டியுள்ளது.

ஊரும் விகுதியும்

அரபு மரபில் ஒருவருடைய முழுப் பெயர் பல உறுப்புகளைக் கொண்டது. பிறந்தபோது இடப்படுவது ‘இஸ்ம்’. இன்னாரின் தந்தை என்று அழைப்பது ‘குன்யா’. இன்னாரின் மகன் என்று வழிமுறை சொல்வது ‘நஸப்’. பட்டப்பெயர் ‘லகப்’. ஊர், குலம், தொழில், மத்ஹப் முதலியவற்றோடு ஒருவரைத் தொடர்புபடுத்துவது ‘நிஸ்பா’. ‘ஈ’ என்ற விகுதியைச் சேர்த்தால் ஊர்ப்பெயர் நிஸ்பாவாகிவிடும். மக்கா மக்கீ ஆகும்; மதீனா மதனீ ஆகும்; புகாரா புகாரீ ஆகும்.

தமிழுக்கு இது புதிய வழக்கம் அல்ல. சங்கப் புலவர்களில் மதுரை மருதன் இளநாகனாரும் காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனாரும் ஊரோடு சேர்த்தே அறியப்பட்டவர்கள். எங்கட கிழக்கிலங்கை எழுத்தாளர்களில் மருதூர்க்கொத்தனும் மருதூர்க்கனியும் ஊர்ப்பெயரைத் தங்கள் புனைபெயரில் வைத்தவர்கள். வேறுபாடு ஒன்றுதான்: தமிழ் ஊரை முன்னுக்கு வைக்கும், அரபு பின்னுக்கு வைக்கும்.

ஆகவே ‘புஹாரி’ என்பதன் நேர்ப்பொருள் ‘புகாரா ஊரவர்’ என்பதே. இமாம் புஹாரி அவர்களுடைய இஸ்ம் முஹம்மத். குன்யா அபூ அப்தில்லாஹ். தந்தையார் இஸ்மாயீல். புகாரீ என்பது அவர்களை வேறு ஆயிரம் முஹம்மத்களில் இருந்து பிரித்தறிய உதவிய அடையாளம். ‘அது பேரே இல்லை’ என்று சொல்பவர்கள் இலக்கணப்படி சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இலக்கணம் அத்தோடு முடிந்துவிடுவதில்லை.

நகரத்தின் பேர் எங்கிருந்து வந்தது?

புகாரா இன்றைய உஸ்பெகிஸ்தானில், ஸரஃப்ஷான் ஆற்றின் கீழ்ப்பகுதிச் சமவெளியில் இருக்கிறது. பட்டுப்பாதையின் வணிகர்கள் கூடிய நகரங்களில் ஒன்று. இஸ்லாம் அங்கே போவதற்கு முன்னர் அப்பகுதி மக்கள் ஸொக்தியர். ஈரானிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழியைப் பேசியவர்கள்.

ஊரின் வரலாற்றை எழுதியவர் அந்த மண்ணின் மைந்தரான அபூபக்ர் நர்ஷகீ. ஹிஜ்ரி 332இல், கி.பி. 943-44 அளவில், ஸாமானிய ஆட்சியாளருக்காக அரபியில் எழுதினார். பின்னர் அது பாரசீகத்துக்குப் போனது. இந்த நகரத்துக்குப் பல பேர்கள் இருந்தன என்று அவர் சொல்கிறார். நுமிஜ்கத் என்பது ஒன்று. ‘வணிகர் நகரம்’ என்று பொருள்படும் அரபுப் பேர் இன்னொன்று. எல்லாவற்றிலும் புகாரா என்பதே பரவலாக அறியப்பட்டது என்கிறார்.

13ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் படையெடுப்பின் வரலாற்றை எழுதிய ஜுவைனீ இன்னும் ஒரு படி மேலே போகிறார். மஜூஸிகளின் மொழியில் ‘புகார்’ என்றால் அறிவு கூடும் இடம் என்பது அவர் தரும் விளக்கம். உய்கூர் மக்களும் சீனத்துப் பக்கத்தவரும் தங்கள் கோயில்களை அதே மாதிரிச் சொல்லால் அழைப்பதையும் அவர் குறிப்பிடுகிறார். இதை வைத்துத்தான் பிற்கால ஆய்வாளர் பலர், புகாரா என்பது ‘விஹார’ என்ற சமஸ்கிருதச் சொல்லில் இருந்து வந்திருக்கலாம் என்றனர். பௌத்தம் மத்திய ஆசியா வழியாகச் சீனம் போன பாதையில் இருந்த பகுதி அது. ‘பாக்கியமான இடம்’ என்ற பொருள்தரும் ஸொக்தியச் சொல்லே மூலம் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டும் இன்னும் வாதத்தில் இருக்கும் கருத்துகள்.

விஹார என்ற சொல் வேறு இடங்களிலும் ஊர்ப்பேராகியிருக்கிறது. இந்தியாவின் பீஹார் மாநிலத்தின் பேர் அதிலிருந்து வந்தது. பல்க் நகரத்தில் இருந்த நவ்பஹார், ‘நவ விஹார’ என்பதன் திரிபு. அதன் காப்பாளர் குடும்பத்தார்தான் பர்மகிகள். இஸ்லாத்தைத் தழுவி, கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் அரசவையில் அமைச்சர்களாக உயர்ந்தவர்கள். இலங்கையில் வாழும் எங்களுக்கு ‘விகாரை’ என்பது தினமும் காதில் விழும் சொல். பஸ் தரிப்பிடத்தின் பேரில் இருக்கும், பக்கத்து வீதியின் பேரில் இருக்கும். அதே சொல் புஹாரி என்ற எங்கட பேருக்குள்ளும் ஒளிந்திருக்கலாம் என்று கேட்கும்போது சிலருக்கு மனம் சங்கடப்படுகிறது.

சங்கடப்பட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. நர்ஷகீயையே பாருங்கள். குதைபா இப்னு முஸ்லிம் கி.பி. 709இல் புகாராவைக் கைப்பற்றியதையும், ஹிஜ்ரி 94இல் கோட்டைக்குள் சிலைக்கோயில் இருந்த இடத்தில் பள்ளிவாசல் கட்டியதையும் அவர் எழுதியிருக்கிறார். தொடக்கத்தில் ஊர் மக்களுக்கு அரபு வராததால் தொழுகையில் குர்ஆனைப் பாரசீகத்தில் ஓதினார்கள் என்றும், ஜும்ஆவுக்கு வந்தவர்களுக்கு இரண்டு திர்ஹம் கொடுக்கப்பட்டது என்றும் எழுதியிருக்கிறார். ஊரின் பழைய சந்தையில் சிலைகள் விற்கப்பட்டதைக்கூட மறைக்கவில்லை. ஈமானில் உறுதியாக இருந்த ஒரு சமூகம், தனக்கு முன்னே இருந்ததை ஒளித்து வைக்க வேண்டிய தேவையை உணரவில்லை. மதீனாவுக்கும் ஹிஜ்ரத்துக்கு முன்னர் யத்ரிப் என்ற பேர் இருந்ததை நாம் மறைப்பதில்லையே.

மனிதர்

அந்த நகரத்தில் ஹிஜ்ரி 194 ஷவ்வால் 13, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின்னர் (கி.பி. 810) இமாம் அவர்கள் பிறந்தார்கள். ஹாரூன் அர்ரஷீத் வபாத்தான அடுத்த ஆண்டு அது.

அவர்களுடைய வம்சாவழியை ஊன்றிப் பார்த்தால் ஒரு முக்கியமான விஷயம் தெரியும். முஹம்மத், இஸ்மாயீலின் மகன். அவர் இப்ராஹீமின் மகன். அவர் முஙீராவின் மகன். அவர் பர்திஸ்பாவின் மகன். பர்திஸ்பா என்பது அரபுப் பேர் அல்ல. புகாரா மக்களின் மொழியில் அதற்கு விவசாயி என்று பொருள் என வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். அவர் மஜூஸியாகவே இறந்தவர். மகன் முஙீராதான் புகாராவின் ஆளுநர் யமான் அல்ஜுஃபியின் கையில் இஸ்லாத்தை ஏற்றார். அந்த உறவினால் குடும்பத்துக்கு ‘ஜுஃபீ’ என்ற அரபுக் குலத்தின் நிஸ்பாவும் வந்து சேர்ந்தது. ஆக இமாம் அவர்கள் இரண்டு நிஸ்பாக்களைச் சுமந்தார்கள். ஒன்று கலிமா சொல்லிக் கொடுத்தவரின் அரபுக் குலம்; மற்றது பிறந்த மண். உலகம் நினைவில் வைத்தது பிறந்த மண்ணைத்தான்.

இது எங்களுக்குப் பெரிய விஷயம். முஸ்லிம் பேர் எல்லாம் அரபுப் பேர், அரபுப் பேர் வைத்திருப்பவர்கள் எல்லாரும் இந்த மண்ணுக்கு வெளியே இருந்து வந்தவர்கள் என்று பேசப்படுவதை நாம் கேட்டிருக்கிறோம். எங்கட ஆட்களிலும் சிலர் அதைப் பெருமையாகவே நினைக்கிறார்கள். ஆனால் இஸ்லாமிய உலகின் மிக மதிக்கப்பட்ட ஹதீஸ் தொகுப்பாளர், அரபி பேசாத ஒரு விவசாயியின் பூட்டனார்த் தலைமுறையில் வந்த பேரப்பிள்ளை. அவருடைய பேரின் வேர் மத்திய ஆசியாவில். விகுதி மட்டும் அரபி. மண்ணையும் மார்க்கத்தையும் ஒரே பேரில் சுமப்பதற்கு அவரைவிடச் சிறந்த உதாரணம் கிடைக்காது.

தந்தையார் சிறு வயதிலேயே காலமாகி, உம்மாவின் வளர்ப்பில் வந்தவர்கள் அவர்கள். 16 வயதில் உம்மாவோடும் சகோதரர் அஹ்மதோடும் ஹஜ்ஜுக்குப் போனார்கள். உம்மாவும் சகோதரரும் ஊர் திரும்ப, தான் ஹதீஸ் தேடித் தங்கிவிட்டார்கள். ஹிஜாஸ், ஈராக், ஷாம், எகிப்து என்று பயணங்கள் நீண்டன. ஸஹீஹைத் தொகுக்க 16 ஆண்டுகள் சென்றன. அதில் மீள வருபவற்றையும் சேர்த்து 7,275 ஹதீஸ்கள் என்பது இப்னுஸ் ஸலாஹ் தந்த கணக்கு.

கடைசிக் காலத்தில் நடந்ததுதான் மனதை உருக்குவது. நீஷாபூரில் எழுந்த கருத்து வேறுபாடு காரணமாக அங்கிருந்து வெளியேறி, சொந்த ஊரான புகாராவுக்குத் திரும்பினார்கள். ஊர் திரண்டு வந்து வரவேற்றது. கொஞ்சக் காலத்தில் ஆளுநர் காலித் இப்னு அஹ்மத் அத்துஹ்லீ, மாளிகைக்கு வந்து தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் கற்றுத்தருமாறு கேட்டார். அறிவை வாசல் வாசலாகக் கொண்டுபோய் இழிவுபடுத்த மாட்டேன், தேவையானவர் பள்ளிவாசலுக்கு வரட்டும் என்ற கருத்தில் இமாம் மறுத்தார்கள். அதன் விளைவு, ஊரை விட்டு வெளியேற்றம். ஸமர்கந்துக்குப் பக்கத்தில் கர்தன்க் என்ற சிறு கிராமத்தில் உறவினர்களிடம் தங்கியிருந்தபோது, ஹிஜ்ரி 256 நோன்புப் பெருநாள் இரவில் (கி.பி. 870) வபாத்தானார்கள். 62 வயது நிறைய 13 நாட்கள் இருந்தன.

புகாராவில் இடமில்லை என்று அனுப்பப்பட்டவரைத்தான் உலகம் ‘புகாரா ஊரவர்’ என்று இன்றுவரை அழைக்கிறது. அனுப்பிய ஆளுநரின் பேரை, இந்தச் சம்பவத்துக்காகவே தவிர யாரும் சொல்வதில்லை.

நூலும் பிள்ளையும்

இனி இலக்கணத்துக்குத் திரும்புவோம். தமிழில் ‘கருத்தாவாகுபெயர்’ என்று ஒன்று இருக்கிறது. நூலைச் செய்தவரின் பேர் அவர் செய்த நூலுக்கு ஆகிவருவது. ‘திருவள்ளுவரைப் படித்தேன்’ என்றால் அவர் எழுதிய நூலைப் படித்தேன் என்று பொருள். “பள்ளியில புஹாரி ஓதுறாங்க” என்று எங்கட உம்மாமார் சொல்வதும் அதே ஆகுபெயர்தான். ஊரின் பேர் மனிதருக்கு ஆயிற்று. மனிதரின் பேர் நூலுக்கு ஆயிற்று. நூலின் பேர் பிள்ளைக்கு ஆயிற்று.

இந்த மூன்றாவது நகர்வுக்கான களம் எங்கட ஊர்களில் இருந்தது. பேருவளையில் புஹாரித் தக்கியா இருக்கிறது. அங்கு ஆண்டுதோறும் ஸஹீஹுல் புஹாரி ஓதப்பட்டு, கந்தூரியோடு மஜ்லிஸ் நிறைவுறும். கடலுக்கு அப்பால், எங்களோடு கொண்டும் கொடுத்தும் வாழ்ந்த காயல்பட்டினத்தில் றஜப் மாதத்தை ஒட்டி 30 நாள் புஹாரி ஷரீஃப் மஜ்லிஸ் நடக்கிறது. அரபு தெரியாத சாதாரண மனிதர்களும் அந்த ஓசையோடு வாழ்ந்தார்கள். அவர்களுக்கு ‘புஹாரி’ என்பது தூர தேசத்து ஊரல்ல. சாம்பிராணி மணமும் ஸலவாத்தும் நார்சாவும் சேர்ந்த ஓர் அனுபவம். அதைப் பிள்ளைக்குப் பேராக வைத்தார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பாகிஸ்தானிலும் கேரளத்திலும் புகாரி என்பது பெரும்பாலும் குடும்பப் பேர். புகாராவில் இருந்து வந்து உச் நகரில் தங்கி, 1291இல் மறைந்த ஸெய்யித் ஜலாலுத்தீன் புகாரி போன்றவர்களின் வழித்தோன்றல்கள் என்பதைக் குறிக்கும் அடையாளம் அது. எங்களிடம் அது குடும்பப் பேர் அல்ல. பிறந்தபோது இடப்படும் பேர். அது வம்ச உரிமை எதையும் கோரவில்லை. தமக்கு இல்லாத வம்சத்தைச் சொல்லிக்கொள்வதை மார்க்கம் கண்டித்திருக்கிறது. ஆனால் ஒரு பெரியாரின் நினைவாகப் பிள்ளைக்குப் பேரிடுவது அதில் சேராது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் ‘புகாராவுக்கே போகாதவனுக்கு ஏன் புஹாரி?’ என்ற கேள்வி எழுகிறது.

அந்தக் கேள்விக்கு இன்னொரு விடையும் உண்டு. ஸஹீஹுல் புஹாரிக்கு ‘ஃபத்ஹுல் பாரீ’ என்ற பெரும் விரிவுரை எழுதிய இப்னு ஹஜர், ‘அஸ்கலானீ’ என்று அறியப்படுபவர். அஸ்கலான் பலஸ்தீனக் கடற்கரை நகரம். ஸலாஹுத்தீன் ஐயூபீ 1191இல் அதை இடித்துவிட்டார். இப்னு ஹஜர் பிறந்தது 1372இல், கெய்ரோவில். முன்னோர் விட்டுவந்த, இடிந்துபோன நகரத்தின் பேரை அவர் சுமந்தார்.

இப்படி ஊரால் அமைந்த வேறு பேர்களும் எங்களிடம் நிறைய. ஜெய்லானி, காஸ்பியன் கடலுக்குத் தெற்கே உள்ள ஜீலான் பிரதேசத்தால் வந்தது. நவவி, சிரியாவின் ஹவ்ரான் பகுதியில் உள்ள நவா என்ற ஊரால் வந்தது. ராஸி, இன்றைய தெஹ்ரானுக்குப் பக்கத்தில் இருந்த ரய் நகரத்தால் வந்தது. ஷாதுலி, துனீசியாவின் ஷாதிலா என்ற இடத்தால் வந்தது. ஒரு வகுப்பின் இடாப்பை வாசித்தால் பாதி முஸ்லிம் உலகத்தின் வரைபடம் விரியும்.

ஓசையும் எழுத்தும்

புகாரா என்பதில் உள்ள அரபு ‘காஃ’ எழுத்தின் ஒலி தொண்டையில் உரசி வருவது. தமிழில் அதற்குத் தனி எழுத்து இல்லை. ஆனால் தமிழில் இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் ககரம் தானாகவே மெலிந்து உரசும். ‘மகன்’ என்று எழுதி ‘மஹன்’ போல ஒலிக்கிறோம். எனவே ‘புகாரி’ என்று எழுதினாலும் ‘புஹாரி’ என்று எழுதினாலும் தமிழ் வாய்க்கு வருவது ஏறக்குறைய ஒன்றே. பிறமொழிச் சொற்கள் தம் எழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தோடு பொருந்தி வரலாம் என்ற வழியைத் தொல்காப்பியரே வடசொல்லைப் பற்றிப் பேசும்போது காட்டியிருக்கிறார்.

ஆச்சரியம் என்னவென்றால், ஆபிரிக்காவின் ஹௌஸா மொழி பேசுவோரும் இதே மாற்றத்தைச் செய்திருக்கிறார்கள். அவர்களிடமும் அது ‘புஹாரி’தான், அவர்களிடமும் அது பிறப்புப் பேர்தான். உஸ்மான் தன் ஃபோதியோவின் மகன்களில் ஒருவர் முஹம்மத் புஹாரி. 2015 முதல் 2023 வரை நைஜீரியாவின் ஜனாதிபதியாக இருந்தவர் முஹம்மது புஹாரி. சென்னையில் 1951இல் புகழ்பெற்ற உணவகத்தைத் தொடங்கியவர் ஏ.எம். புஹாரி. ஒருவரையொருவர் அறியாத இரண்டு சமூகங்கள், ஒரே நூலின் மீதுள்ள பிரியத்தால், ஒரே பேரை ஒரே ஓசையில் வைத்திருக்கின்றன.

ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் வில்லங்கம். பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம். கடைசியில் ‘ஐ’ எழுத்தா ‘வை’ எழுத்தா, நடுவில் ‘கே’ உண்டா இல்லையா என்பதற்காகச் சத்தியக்கடதாசி முடித்தவர்கள் ஏராளம். ஒலியை அறியாமல் எழுத்தை மட்டும் பார்த்ததன் விளைவு அது.

‘நீராவி’ விவகாரமும் இத்தகையதே. அரபியில் ‘புகார்’ என்றால் நீராவி என்பது உண்மை. உருதுவில் அதே சொல் காய்ச்சலைக் குறிக்கும். தமிழகப் பத்திரிகைகளில் ‘புகார்’ என்றால் நாங்கள் சொல்லும் முறைப்பாடு. சிலப்பதிகாரத்தில் புகார் என்றால் காவிரி கடலில் புகும் இடத்திலிருந்த பூம்பட்டினம். இவற்றில் எதற்கும் புகாரா நகரத்தோடு தொடர்பில்லை. அந்த ஊர்ப் பேர் அரபுச் சொல்லே அல்ல. அரபு அகராதியைப் புரட்டி அதற்குப் பொருள் தேடுவது, கண்டியின் பேருக்குப் பாரசீக அகராதியைப் புரட்டுவது மாதிரி. தொலைபேசியில் பெயர்ப்பட்டியல் பார்த்துக் கருத்துச் சொல்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள்.

பேருக்குக் கருத்து வேண்டும் என்று பெற்றோர் தேடுவது நல்ல விஷயம். அது ஸுன்னத்தான அக்கறையும்கூட. ஆனால் கருத்து அகராதியில் மட்டும் இருப்பதில்லை. பேரைச் சுமந்தவருடைய வாழ்க்கையிலும் இருக்கிறது. ‘புஹாரி’க்குக் கருத்து என்னவென்று யாராவது கேட்டால், ஆளுநரின் மாளிகைக்குப் போகாமல் பள்ளிவாசலில் இருந்து கற்பித்த ஒருவரின் பேர் என்று சொல்லலாம்.

பிள்ளைக்கு அந்தப் பேரை வைப்பதும் விடுவதும் அவரவர் விருப்பம். அதில் கட்டாயம் எதுவும் இல்லை. எனது கவலை வேறு. எங்களிடம் வாப்பாவின் பேர் பிள்ளையின் முன்னால் ஓர் எழுத்தாக நிற்கும். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்தும் போய்விடும். அத்தோடு, ஓர் ஊர் எந்த மஜ்லிஸின் நிழலில் வாழ்ந்தது, எந்தக் கடற்கரையோடு தொடர்பு வைத்திருந்தது என்ற தடயமும் போய்விடும். பழைய நிக்காஹ் பதிவேடுகளிலும், பள்ளிவாசல் சந்தாக் கொப்பிகளிலும், மையவாடியின் மீஸான் கற்களிலும் அந்தப் பேர்கள் இன்னும் இருக்கின்றன. உயர்தர வகுப்பில் தமிழும் இஸ்லாமிய நாகரிகமும் படிக்கிற பிள்ளைகளைக் கொண்டு, ஊருக்கு ஓர் கொப்பியாவது எழுதி வைக்கலாம். எந்தப் பேர், எந்த வடிவில், எந்தத் தலைமுறையில், யாருடைய நினைவாக என்று நான்கு நிரல்கள் போதும். கேட்டுச் சொல்வதற்கு மூத்தவர்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.